தேதி போட்ட சுவர்

போன மாதம் கடைசி வியாழக்கிழமை தௌலத் மேடம் ஓய்வு பெற்றார். வட்டார அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், கோப்பு அலமாரிகளுக்கு நடுவே ஒரு மேசையைக் காலி செய்து, ரவை இனிப்பும் ஆரஞ்சு பானமும் வைத்திருந்தார்கள். அதிகாரி ஒருவர் நீளமாகப் பேசினார். முப்பத்தாறு வருடம், எத்தனை கட்டடம், எத்தனை உயிர் என்று. நான் கதவோரமாக நின்றிருந்தேன். மேடம் பேச்சைக் கேட்டதாகத் தெரியவில்லை. பேசுகிறவரின் தலைக்கு மேலே, சன்னல் மூலையிலிருந்து கூரைக்குச் சாய்வாக ஏறிக்கொண்டிருந்த ஒரு கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குள் அப்படித்தான் நுழைந்தார்.

எங்கள் வீடு அலெக்சாந்திரியாவில், அத்தாரீன் பகுதியில், டிராம் தண்டவாளத்திலிருந்து இரண்டாவது சந்தில் இருக்கிறது. நாலு மாடி. யாரோ ஒரு இத்தாலிக்காரர் கட்டியது என்பார்கள். மூன்றாவது மாடியில் நானும் அம்மாவும். கிழக்குப் பார்த்த அறையில், பால்கனிக் கதவை ஒட்டி, அம்மாவின் தையல் மெஷின். அப்பா இறந்த பிறகு அந்த அறைதான் எங்களுக்குச் சோறு போட்டது. காலை ஏழு மணிக்கு வெளிச்சம் மெஷின் ஊசி மேலே வந்து உட்காரும், மதியம் ஒரு மணிக்கு எழுந்து போகும். அதற்குள் அம்மா தைத்து முடித்துவிடுவாள். கல்யாணப் பெண்களின் உடுப்புகளை அளவு பிரித்துத் தைப்பது அவள் வேலை. வெள்ளைத் துணிக்கு விளக்கு வெளிச்சம் ஆகாது, பொய் சொல்லும் என்பாள்.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் பக்கத்து மனையில் பன்னிரண்டு மாடி எழுப்பக் குழி தோண்டினார்கள். தண்ணீர் ஊறியது. பகலெல்லாம் மோட்டார் வைத்து இறைத்தார்கள். தண்ணீரோடு மணலும் போனது. எங்கள் வீடு நிற்பதும் அந்த மணலின் மேல்தான். மூன்றாவது வாரம், பால்கனிக் கதவின் மேல் மூலையிலிருந்து சுவரில் ஒரு கோடு கிளம்பியது. முதலில் முடி அளவு. பிறகு அம்மாவின் ஊசி நுழைந்தது. பிறகு ஊசியோடு நூலும் நுழைந்தது.

கீழ்த்தளத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ஹாஜ் பயூமிதான் வீட்டுக்காரர். நாங்கள் எல்லோரும் பழைய வாடகைக்காரர்கள். சட்டப்படி எங்களை அவரால் கிளப்ப முடியாது. கட்டடம் ஆபத்தானது, இடிக்க வேண்டும் என்று அலுவலகம் எழுதிக் கொடுத்தால் மட்டும் முடியும். அவர் மனு போட்ட மறு வாரம் தௌலத் மேடம் வந்தார்.

ஐம்பத்தைந்து வயதுக்குக் கொஞ்சம் கனமான உடம்பு. முழங்கால் வலி. ஒவ்வொரு படித் திருப்பத்திலும் நின்று, நிற்கும் நேரத்தை வீணாக்காமல் அந்த இடத்துச் சுவரைப் பார்த்துவிடுவார். தோளில் ஒரு பெரிய தோல் கைப்பை. அதற்குள் ஒரு பை ஜிப்சம், பிளாஸ்டிக் கிண்ணம், வெண்ணெய்க் கத்தி, ஆணி, ஒரு கண்ணாடிக் கோலி, ஃப்ளாஸ்க். வாசலில் நின்றிருந்த இரண்டாவது மாடி வஹ்பா மாமா, கடிகாரம் பழுது பார்ப்பவர், வழிவிட்டு வணங்கினார்.

"வாங்க இன்ஜினியரம்மா. உங்க காலடி பட்டா வீடு இன்னும் நூறு வருஷம் நிக்கும்."

"நான் இன்ஜினியர் இல்லைங்க. டிப்ளமாக்காரி. என் காலடி பட்டா படிதான் தேயும்."

"அப்ப என் முகத்துல இருக்கிற விரிசலுக்கு மட்டும் ஒரு மருந்து சொல்லிட்டுப் போங்க."

மேடம் நின்று அவர் முகத்தைத் தலை சாய்த்துப் பார்த்தார். "அது பழசு. உள்ளே ஒட்டடை இருக்கு. பயமில்லை."

வஹ்பா மாமா அன்று முழுவதும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அது வெறும் வேடிக்கை இல்லை என்பது எனக்கு மேலே வந்த பிறகுதான் புரிந்தது. மேடம் விரிசலின் அகலத்தைவிட அதன் உள்ளேதான் அதிகம் பார்த்தார். உள்ளே ஒட்டடையோ பழைய பெயின்ட்டோ இருந்தால் கடந்து போனார். விளிம்பு கூர்மையாக, உள்ளே புதுத் தூளாக இருந்தால் நின்றார்.

எங்கள் வீட்டுக்குள் வந்ததும் சுவரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக் கேட்டார். "இந்த வீட்ல எந்தக் கதவு மாட்டுது?"

"எதுவும் மாட்டலை. எல்லாம் நல்ல இடத்துப் பொண்ணு மாதிரி சத்தமில்லாம திறக்கும்," என்றாள் அம்மா.

மேடம் நேராகப் பால்கனிக் கதவுக்குப் போய்க் கைப்பிடியைத் திருப்பினார். கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். கதவு முனகிக்கொண்டு பாதி திறந்தது.

"இது யார் வீட்டுப் பொண்ணு?"

மேடம் கோலியை எடுத்துத் தரையில் வைத்தார். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு உருண்டு போய்ப் பால்கனிப் பக்கச் சுவரில் முட்டி நின்றது.

"தரை எப்பவுமே அப்படித்தான்," என்றாள் அம்மா. "கட்டினவன் குடிச்சுட்டுக் கட்டியிருக்கான்."

"குடிச்சவன் கட்டினது எழுபது வருஷம் நின்னுருக்கு உம் நாதிர். இப்ப ஆட்டுறது, குடிக்காம தோண்டிட்டு இருக்கானே, அவன்."

நாதிரின் அம்மா என்று அழைத்தது அம்மாவுக்குப் பிடித்திருந்தது. முகம் கொஞ்சம் இளகியது. டீ போடட்டுமா என்று கேட்டாள். மேடம் வேண்டாம் என்றார். தண்ணீர்? அதுவும் வேண்டாம். தன் ஃப்ளாஸ்கைத் திறந்து தன் டீயைக் குடித்தார். வந்தவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது எங்கள் ஊரில் முகத்தில் அறைந்த மாதிரி. அம்மா அன்று மாலை வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஜிப்சத்தைக் குழைத்தார். சுவரின் பெயின்ட்டைச் சுரண்டி, விரிசலின் குறுக்கே ஒரு சாண் நீளத்துக்குப் பட்டையாகப் பூசி, கத்தியால் சீவினார். வீக்கத்துக்குப் பத்து போட்ட மாதிரி இருந்தது. ஈரம் காய்வதற்குள் ஆணியால் எண்ணும் தேதியும் கீறினார். படிக்கட்டில் மூன்று, நடையில் இரண்டு, சமையலறையில் ஒன்று, கிழக்கறையில் ஒன்று. ஏழாவது அதுதான். வீடு அசைந்தால் பட்டை பிளக்கும். அசையாவிட்டால் பிளக்காது. அவ்வளவுதான்.

"யாரும் தொடக் கூடாது. துடைக்கக் கூடாது. பெயின்ட் அடிக்கக் கூடாது. ஒவ்வொரு புயலுக்கும் அப்புறம் வருவேன்."

எங்கள் ஊரில் குளிர்காலத்தைத் தேதி வைத்து எண்ணுவதில்லை. கடலிலிருந்து வரும் புயல்களின் பெயர் வைத்து எண்ணுவோம். நவம்பரில் தெருவையெல்லாம் பெருக்கிப் போடும் மக்னஸா, அது எங்கள் பேச்சில் துடைப்பம். டிசம்பரில் காசிம். மார்ச் கடைசியில் அவ்வா. அதோடு குளிர் முடிந்தது.

கீழே இறங்கும்போது ஹாஜ் பயூமி கடை வாசலில் காத்திருந்தார். "மேடம், மனுஷ உயிரு முக்கியம் இல்லையா? எதுக்கு இந்தப் பட்டை விளையாட்டு? இடிக்கணும்னு ஒரு வரி எழுதுங்க."

"முக்கியம்தான் ஹாஜ். அதனாலதான் உங்க கடைப் பின்சுவரையும் பாக்கணும்னு இருக்கேன். அந்த டைல் அடுக்கைக் கொஞ்சம் நகத்துங்க."

"அது நாலு டன்னு."

"நான் உக்காந்திருக்கேன்," என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

துடைப்பம் நவம்பர் பதினாறாம் தேதி வந்தது. ஒரு நாள் முழுக்கச் சன்னல் கதவுகள் அடித்துக்கொண்டே இருந்தன. மறுநாள் காலை அம்மா கிழக்கறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். ஏழாவது பட்டை பிளந்திருந்தது. ஒரு பாதி சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? நான் சொன்னேன்ல? முந்தாநாள் ஹாஜோட ஆளு பைப் பாக்கிறேன்னு பால்கனிக்கு வந்தான்ல. அவன்தான். சுத்தியல் சத்தம் என் காதால கேட்டேன்."

கேட்டது சன்னல் கதவாக இருக்கலாம். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். உடைப்பு சவர பிளேடால் கீறியது போல நேராக இருந்தது. கீழே தூள் இல்லை.

"அம்மா, சுத்தியல்னா நொறுங்கியிருக்குமே."

"நீ போய் உன் கவிதைப் புத்தகத்தைப் படி."

அவள் இரண்டு துண்டுகளையும் கத்தியால் நெம்பி எடுத்தாள். டேனிஷ் பிஸ்கெட் டப்பாவிலிருந்த பொத்தான்களைத் தட்டில் கொட்டிவிட்டு, துண்டுகளைக் கைக்குட்டையில் சுற்றி டப்பாவில் வைத்தாள். ஹாஜுக்கு எதிரான சாட்சி. ஒரு நாள் போலீஸிடம் காட்டுவாளாம். டப்பா அலமாரி உச்சிக்குப் போனது. அதன் பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தாள். மூலைக் கடையில் ஜிப்சம் வாங்கி, முட்டை அடிக்கும் கிண்ணத்தில் குழைத்து, அதே இடத்தில் அதே அகலத்துக்குப் பூசினாள். தையல்காரி கை. விளிம்பு மேடத்தின் பட்டையைவிட நேராக வந்தது. ஊசியால் ஏழு என்றும் பழைய தேதியையும் கீறினாள்.

அவள் மனதில் கள்ளம் இல்லை. இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். எதிரி கலைத்ததை இருந்தபடி திருப்பி வைக்கிறோம் என்றுதான் நினைத்தாள். அத்தாரீனில் எந்த வீட்டிலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். வீட்டுக்காரரைச் சந்தேகப்படுவது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. சுவரைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் மேடம் வந்தார். படிக்கட்டில் மூன்றும் சரி. நடையில் இரண்டும் சரி. சமையலறையில் சரி. ஒவ்வொன்றையும் பார்த்துத் தன் நோட்டில் ஒரு சின்னக் கோடு போட்டார். கிழக்கறைக்கு வந்தார். ஏழாவதும் முழுதாக இருந்தது. கோடு போடப் பென்சிலைத் தூக்கியவர் நிறுத்தினார்.

"கீழே வஹ்பா ஐயா தினம் மீன் பொரிக்கிறாரு போல."

"அவருக்கு வேற என்ன தெரியும்," என்றாள் அம்மா.

"வீடு பூரா அந்தப் புகை. ஆறு பட்டையும் பழம்பல்லு மாதிரி மஞ்சளாயிடுச்சு. இது மட்டும் ஏன் இவ்வளவு வெளுப்பா இருக்கு?"

பிறகு வலது கையைத் திருப்பி, புறங்கையைப் பட்டையின் மேல் வைத்தார். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் வைப்பது போல. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"ஜில்லுன்னு இருக்கு. உள்ளே இன்னும் ஈரம் காயலை."

அம்மா மெஷின் மேலிருந்த துணியை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

மேடம் அம்மாவின் முக்காலியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உம் நாதிர், கார்மூஸ்ல ஒரு வீடு. நான் வேலைக்குச் சேந்து நாலாவது வருஷம். அங்க ஒரு அம்மா ஒவ்வொரு தடவையும் எனக்கு மீன் சோறு போடுவாங்க. அவ்வளவு ருசி. ரெண்டு மாசம் சாப்பிட்டேன். விரிசலைப் பாக்கும்போதெல்லாம், பாவம் இவங்க எங்க போவாங்கன்னுதான் தோணும். வீடு நிக்கும்னு எழுதினேன். மழைக்குப் பின்பக்கச் சுவரு போயிடுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஒரு கூண்டுக் குருவி மட்டும். நான் சாப்பிடும்போதெல்லாம் அது பாடிட்டிருக்கும்." முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "அதுலருந்து பாக்கப் போற வீட்ல தண்ணிகூடக் குடிக்கிறதில்லை. தப்பா எடுத்துக்காதீங்க."

அம்மா மடித்த துணியை மெஷின் மேலேயே வைத்தாள்.

"யார் பூசினாங்கன்னு நான் கேக்கலை. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். பழைய பட்டை நொறுங்கியிருந்ததா, பிளந்திருந்ததா?"

"நொறுங்கியிருந்தது," என்றாள் அம்மா உடனே. "தூளா. ஹாஜோட ஆளு சுத்தியலால அடிச்சுட்டுப் போயிட்டான். தூளைக் கூட்டி அள்ளிப் போட்டேன்."

மேடம் தரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் அவர் பார்க்காமல் விட்டது நான் ஒருவன்தான், அதுவரை. ஒரு விரிசலின் உள்ளே பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

நான் நாற்காலியை இழுத்து அலமாரியின் முன்னால் போட்டேன். ஏறினேன். டப்பாவை எடுத்துக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன்.

"நாதிர்," என்றாள் அம்மா. திட்டவில்லை. என் பேரை மட்டும்தான் சொன்னாள்.

மேடம் கைக்குட்டையைப் பிரித்தார். இரண்டு துண்டுகளையும் முழங்காலின் மேல் வைத்து மெதுவாக ஒன்றோடொன்று சேர்த்தார். அவை அப்படியே பொருந்தின. ஒரு கடுகளவும் குறையவில்லை. பிளந்த கோடு, தேதியில் நாளுக்கும் மாதத்துக்கும் நடுவே நேராகப் போனது.

அம்மா குனிந்து பார்த்தாள். நூல் கோக்கும் கண். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப ஹாஜ் அடிக்கலையா?"

"இல்லை."

"வேற யாரு?"

"வீடுதான்."

வெளியே மோட்டார் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்டோம்.

"இந்த ரூமை இப்பவே காலி பண்ணணும். இன்னைக்கு. மெஷினை முதல்ல எடுங்க," என்றார் மேடம்.

"எனக்கு இந்த வெளிச்சம் வேற எங்க கிடைக்கும் அப்லா?" அம்மா அவரை அக்கா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

மேடம் ஏதாவது ஆறுதலாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "தெரியலை," என்றார். எழுந்து மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கம் நான். வஹ்பா மாமா மேலே வந்து நடுவில் கை கொடுத்தார், அதாவது நடுவில் நின்று வழி சொன்னார். மெஷின் சமையலறை நடைக்குப் போனது. மேடம் கிழக்கறைக் கதவின் குறுக்கே இரண்டு பலகை அடித்தார். டப்பாவைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது சாட்சி. என்கிட்ட இருக்கட்டும்."

"துண்டை எடுத்துக்கங்க. டப்பா என்னோடது. பொத்தான் டப்பா," என்றாள் அம்மா.

"தருவேன்."

காசிம் டிசம்பர் ஐந்தாம் தேதி மதியம் வந்தது. குழியில் வேலை செய்தவர்கள் எல்லோரும் மழைக்கு ஒதுங்கிப் போயிருந்தார்கள். நாங்கள் வஹ்பா மாமா வீட்டில் பருப்பு சூப் குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு பெரிய மரப்பெட்டியை யாரோ மாடியிலிருந்து தள்ளியது போல ஒரு சத்தம். பிறகு மழைச் சத்தம் மட்டும். ஏறிப் போய்ப் பலகைகளுக்கு நடுவே பார்த்தோம். பால்கனி இல்லை. மூலைச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்கு இல்லை. மெஷின் இருந்த இடத்தில் வானம் இருந்தது. அம்மாவின் புதினாத் தொட்டிகள் கீழே குழித் தண்ணீரில் மிதந்தன.

அம்மா நெடுநேரம் பார்த்தாள். "மணி ஒண்ணுகூட ஆகலை. நான் தைச்சிட்டிருக்கிற நேரம்," என்றாள்.

உடனே இரும்புக் குழாயும் மரமும் வந்தன. எங்கள் நடையிலும் படிக்கட்டிலும் வரிசையாக முட்டுக் கொடுத்தார்கள். ஹாஜ் பயூமி வக்கீல் வைத்தார். ஜனவரியில் மூன்று இன்ஜினியர்கள் கொண்ட குழு உட்கார்ந்தது. மூலை விழுந்தாயிற்று, மீதியும் விழும், முழுக் கட்டடமும் இடிக்கப்பட வேண்டும் என்றார் வக்கீல். பட்டைகளைக் குடித்தனக்காரர்கள் மாற்றியிருக்கிறார்கள், மூலைக் கடைக்காரரே ஜிப்சம் விற்றதாகச் சொல்கிறார், அதனால் எந்தப் பட்டையையும் நம்ப முடியாது என்றார். தான் பூசிய ஒரு பட்டையால் நாலு மாடிக் குடும்பங்களும் தெருவுக்கு வரப்போகின்றன என்று அம்மாவுக்கு அங்கேதான் தெரிந்தது.

தௌலத் மேடம் பிஸ்கெட் டப்பாவை மேசை மேல் வைத்துத் திறந்தார். குழுத் தலைவர் எட்டிப் பார்த்து, "டீ எங்கே?" என்றார். மேடம் சிரிக்கவில்லை.

"மாத்தினது ஒண்ணு. அதோட அசல் இதுல இருக்கு. என் கையெழுத்து, என் தேதி. பதினாலு நாள்ல ஒரு மில்லிமீட்டர் பிளந்திருக்கு. மாத்தாதது ஆறு. அதுங்க மேல ரெண்டு புயல் போயிருக்கு. ஒண்ணுலகூட முடி அளவு கீறல் இல்லை. அசைஞ்சது மூலை. வீடு இல்லை."

"ஆறையும் மாத்தலைன்னு என்ன நிச்சயம்?" என்றார் வக்கீல்.

அம்மா எழுந்தாள். அவள் அதற்கு முன் எந்த அலுவலகத்திலும் எழுந்து பேசியதில்லை. "பூசினது நான்தாங்க. ஹாஜ் உடைச்சாருன்னு நினைச்சுப் பூசினேன். அது என் தப்பு. அவர் உடைக்கலை, அதையும் இங்கயே சொல்லிடறேன். மத்த ஆறையும் நான் தொடலை. வந்து பாருங்க. மீன் வாசனை அடிக்கும்."

மறுநாள் மூன்று பேரும் வந்து பார்த்தார்கள். குழுத் தலைவர் சமையலறைப் பட்டையை உண்மையிலேயே மோந்து பார்த்தார்.

பழுது பார்க்க உத்தரவானது. இடிக்க இல்லை. பக்கத்துக் குழிக்குத் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும், எங்கள் மூலையின் அஸ்திவாரத்தை ஆழப்படுத்தி எடுத்துக் கட்ட வேண்டும், பால்கனி கூடாது. ஹாஜ் ஒரு மாதம் யாரிடமும் பேசவில்லை. பிறகு புது மூலைக்குத் தன் கடையிலிருந்தே டைல்ஸ் கொடுத்தார். பத்து வருடமாக விற்காமல் கிடந்த ஒரு கல்லீரல் நிறம்.

அந்தக் குளிர்காலத்தைப் பற்றி நான் யாரிடமும் அதிகம் பேசியதில்லை. நடை முழுக்க முட்டுகள். பக்கவாட்டில் திரும்பித்தான் போக வேண்டும். அம்மா முட்டுக்கு முட்டு கயிறு கட்டி வெள்ளை உடுப்புகளைத் தொங்கவிட்டிருப்பாள். யார் வீட்டுக் கதவும் மூடியிருக்காது, சத்தம் கேட்டால் ஓட வேண்டுமே என்று. கதவு திறந்தே இருந்ததால் ஒரு வீட்டுச் சமையல் நாலு வீட்டுக்கும் போனது. ஒவ்வொரு புயல் அடித்து ஓய்ந்த காலையிலும் மேடம் வருவார். நாங்கள் அவர் பின்னாலேயே ஒவ்வொரு பட்டையாகப் போவோம். வஹ்பா மாமா மூச்சைப் பிடித்துக்கொள்வார். மேடம் நோட்டில் கோடு போட்டதும் விடுவார். "இவர் மூச்சாலயே பட்டை பிளந்துடும் போல," என்பாள் அம்மா. படியேறி வரும் அந்தச் செருப்புச் சத்தத்துக்காக நான் வேலை பார்க்கும் கடையில் அரை நாள் லீவு போட்டிருக்கிறேன். இப்போது கதவுகள் எல்லாம் மூடித்தான் இருக்கின்றன. வீடு உறுதியாக இருக்கிறது.

மார்ச் கடைசியில் அவ்வா அடித்துப் போனது. மேடம் வந்தார். ஆறும் முழுது. புது மூலையில் பூசிய புது ஏழாவதும் முழுது. அதைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். நோட்டை மூடிக் கைப்பைக்குள் வைத்தார். நடையில், முட்டு எடுத்த குழிகளுக்கு நடுவே, அம்மாவின் முக்காலியில் உட்கார்ந்தார்.

"உம் நாதிர், அந்த டீ இன்னும் இருக்கா?"

அம்மா அப்படி அடுப்பங்கரைக்கு ஓடி நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. மேடம் இரண்டு கிளாஸ் குடித்தார். புதினா போட்டு, மூன்று கரண்டி சர்க்கரையோடு. அவருக்குச் சர்க்கரை வியாதி என்று பிற்பாடுதான் தெரிந்தது.

"டப்பா?" என்றாள் அம்மா, இரண்டாவது கிளாஸை நீட்டிக்கொண்டே.

"கோப்புல இருக்கு. கோப்பு மூடினதும் தரேன்."

கோப்பை லேசில் மூடவில்லை. ஹாஜின் வக்கீல் மேல்முறையீடு, அதற்குப் பதில், பதிலுக்குப் பதில். அம்மா ஐந்து வருடமும் பொத்தான்களை ஊறுகாய் பாட்டிலில் வைத்திருந்தாள். கை நுழையாது. கவிழ்த்துக் கொட்டித் தேட வேண்டும். ஒவ்வொரு தடவை கொட்டும்போதும், "வீட்டைக் காப்பாத்தினாங்க, சரி. என் டப்பா எங்க?" என்பாள். கிழக்கறையில் இப்போது ஒரு சின்னச் சன்னல்தான். வெளிச்சம் ஒன்பது மணிக்கு வந்து பதினொன்றுக்குப் போய்விடும். அம்மா கல்யாண உடுப்பை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கிறாள். சாம்பல் நிறத் துணி விளக்கிடம் ஏமாறாது.

பிரிவு விழா முடிந்து எல்லோரும் இனிப்பைச் சுற்றி நின்றபோது மேடம் கையசைத்து என்னைக் கூப்பிட்டார். மேசையின் கீழ் இழுப்பறையிலிருந்து டப்பாவை எடுத்தார். நீல மூடியில் துரு ஏறியிருந்தது.

"வழக்கு போன வாரம் முடிஞ்சது. உங்கம்மா என்னைச் சபிச்சிட்டிருப்பா. கொண்டு போய்க் குடு."

வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்த வாக்கியம் அப்போது வரவில்லை. அதற்குப் பதிலாக, "சன்னலுக்கு மேல பாத்துட்டிருந்தீங்களே, அது," என்றேன்.

"ஒட்டடை இருக்கு. நீயும் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப சரி," என்று தட்டை நீட்டினார். "இனிப்பு எடுத்துக்க. எனக்குக் குடுக்க மாட்டேங்கிறாங்க."

வீட்டுக்கு வந்து டப்பாவை அம்மா முன்னால் வைத்தேன். அவள் மூடியைத் திறந்தாள். கைக்குட்டைக்குள் இரண்டு துண்டுகளும் அப்படியே இருந்தன. எடுத்து முழங்காலில் வைத்துச் சேர்த்துப் பார்த்தாள். ஓரம் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. ஆனாலும் பொருந்தின.

"தூளா போச்சுன்னு சொன்னேன்ல அன்னைக்கு," என்றாள். "நீ எடுத்துக் குடுக்கலைன்னா அந்தப் புயல் மதியம் நான் மெஷின்ல..."

துண்டுகளை டப்பாவின் அடியிலேயே வைத்தாள். ஊறுகாய் பாட்டிலைக் கவிழ்த்துப் பொத்தான்களை அவற்றின் மேல் கொட்டினாள். இப்போது அவள் பொத்தான் தேடும்போதெல்லாம் டப்பாவுக்குள் ஜிப்சம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகளில், பொத்தானின் நாலு துளைகளைச் சுற்றியும் வெள்ளையாக ஒரு தூள் இருக்கும். அம்மா அதைத் துடைப்பதில்லை.